மார்செய் துறைமுகமும் அப்பாவின் பேனாவும்

1

பிரான்சில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். சும்மா இருந்தால் போதாது, சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழையது செல்லாதாம். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. நான் பிறந்தது ஒரே தடவைதான், கடலூர் முதுநகரில். அது போன வருஷம் ஒரு மாதிரியும் இந்த வருஷம் வேறு மாதிரியுமா மாறும்? ஒருநாள் கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம் இதைக் கேட்டே விட்டேன். அவள் சிரிக்கவில்லை. புதிய சான்றிதழோடு வரச்சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இந்த மாதத்தோடு நான் மார்செய் நகரத்துக்கு வந்து இருபது வருஷம். அதைக் கொண்டாட அரசாங்கமே என்னை அழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. போனேன். இந்தத் தடவை ஓர் இளம்பெண். என் காகிதக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தாள். பெயர் சரியா, செல்வி. சரி. பிறந்த ஊர் சரியா. சரி. தந்தையின் தொழில், துறைமுக அலுவலர், சரியா.

"சரி" என்றேன். கூசாமல் சொன்னேன். அத்தனை வருஷத்துப் பழக்கம்.

சரியில்லை. என் அப்பா மூட்டை தூக்கியவர். கப்பல் வந்தால் முதுநகர் துறைமுகத்தில் உர மூட்டை, கப்பல் இல்லாத நாளில் மண்டியில் மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் தூக்கினார். இதை நான் எழுத்தில் எழுதுவது இதுதான் முதல்முறை. எழுதிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நிம்மதியாகத்தான் இருக்கிறது.

2

எழுத ஆரம்பித்தாயிற்று, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாக ஊரில் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில். சிதம்பரத்தில் படித்து வாங்கிய எம்.எஸ்சி. வேதியியலை இங்கே ஏற்றுக்கொள்ள இன்னும் நாலு காகிதம் கேட்டார்கள். மூன்றாவது காகிதத்துக்கு அலையும்போது மகள் பிறந்துவிட்டாள். இப்போது தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறேன். வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி காய்கறி வைத்துவிடுவதில் எனக்கு இருக்கிற சாமர்த்தியம் எந்த டீச்சருக்கும் கிடையாது.

என் கணவர் குமார் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். பாண்டிச்சேரிக்காரர். அவருடைய பூட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மகள் லீனாவுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதிலும் பாதி நாள் தோளைத் தூக்கிக் காட்டுவதுதான் பதில். என் பிரெஞ்சைக் கேட்டால் அவளுக்கு வெட்கம். நியாயம்தான். நான் மரியாதைப் பேச்சைத்தான் முதலில் கற்றேன், அதனால் பக்கத்து வீட்டு நாயிடம்கூட 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்றுதான் கேட்பேன். இருபது வருஷமாகியும் அந்த நாயின் வாரிசிடமும் அப்படியேதான் பேச வருகிறது.

இன்னும் ஒரே ஒருவர் பாக்கி. குமாரின் அக்கா, எனக்கு விமலா அண்ணி. மூன்று தெரு தள்ளி இருக்கிறார். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் அவர் சொன்னால்தான் பொங்கல் பொங்கும். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவர்தான். "பொண்ணோட அப்பா கடலூர் போர்ட்டுல ஆபீசரு" என்று அன்று ஆரம்பித்தவர், இன்றுவரை மேடையில் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்வார்.

3

நாங்கள் குடியிருப்பது ஜோலியெத் பகுதியில். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நகரத்தின் கப்பல் வியாபாரமெல்லாம் எங்கள் தெருவின் கோடியில்தான் நடந்தது. இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்களும் கடைகளும்தான், பெரிய உல்லாசக் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். அந்தப் பழைய கரையின் புகைப்படங்களை எங்கள் பேட்டை நூலகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். ஒரு நாள் வேலை முடிந்து அப்படியே உள்ளே போனேன்.

போனவள் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டேன். பாய்மரமும் புகைக்கூண்டும் கலந்து நிற்கிற காலம். ஒரு பக்கம் கிழக்கே போகிற நீராவிக் கப்பலுக்காகத் தகரப்பெட்டிகளோடு காத்திருக்கும் குடும்பங்கள். இன்னொரு பக்கம் ஆள் உயரச் சக்கரம் வைத்த குதிரை வண்டிகள், அதில் மூட்டைகள். பழைய துறைமுகத்தின் வாய்க்குக் குறுக்கே வானளாவ ஓர் இரும்புப் பாலம், அதிலிருந்து கம்பியில் தொங்கும் மேடையில் வண்டியும் மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறார்கள். அந்தப் பாலம் யுத்தத்தோடு போய்விட்டது. ஒரு படத்தில் கரையோரம் வரிசையாகப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, மடியில் கோணியைப் போட்டுக் கிழிசல் தைக்கிறார்கள். கையில் இருப்பது சாட்சாத் கோணி ஊசி. அவர்கள் முகத்தில் இருந்த சலிப்பு எனக்குத் தெரிந்த சலிப்பு. எங்கள் ஊருக்கு வந்தால் மண்டித் தெருவிலும் இதையே பார்க்கலாம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் கரைக்கே வராது. தூரத்தில் கடலிலேயே நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டுவந்து இறக்க வேண்டும். இங்கேயோ வாசலில் மாடு கட்டியதுபோல் கப்பலைத் தெருவோரம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகை ஒன்றுதான். அதில் நடக்கிற கால்களும் ஒன்றுதான்.

அப்படி ஒரு படம் இருந்தது. ஒரு பலகை, அதன்மேல் முதுகில் மூட்டையோடு இரண்டு பேர். கீழே 'காபி மூட்டைகளை இறக்கும் தொழிலாளர்கள்' என்று எழுதியிருந்தது.

4

வீட்டுக்கு வந்தால் அதே படம் லீனாவின் மேசையில் கிடக்கிறது. வகுப்பில் ஆளுக்கொரு படம் கொடுத்து, அதைத் தங்கள் குடும்பத்தோடு சேர்த்து ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். எழுதியதை அச்சடித்து நூலகத்தில் அந்தந்தப் படத்துக்குக் கீழே ஒட்டுவார்களாம். தானாகக் கேட்டு இந்தப் படத்தை வாங்கியிருக்கிறாள், தாத்தா துறைமுகத்துக்காரர் என்பதால்.

எழுதியதை எடுத்து வாசித்தேன். 'என் அம்மாவின் தந்தை இந்தியாவில் ஒரு துறைமுகத்தில் அதிகாரி. இந்தப் படத்தில் உள்ளவர்களைப் போன்ற எளிய மனிதர்களை அவர் மேற்பார்வை செய்தார்.'

மேற்பார்வை செய்தார் என்று நான் சொன்னதே இல்லை. அலுவலர் என்றுதான் சொன்னேன். நான் சொன்ன பொய் குட்டி போட்டிருந்தது. இன்னும் பத்து நாளில் அது அச்சாகிச் சுவரில் ஏறப்போகிறது, அப்பாவைப் போன்றவர்களின் கால்களைக் காட்டுகிற படத்துக்குக் கீழேயே. "நல்லா இருக்கா?" என்று லீனா கேட்டாள், அதிசயமாகத் தமிழில்.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கோழை என்றால் நான்தான்.

5

இந்தப் பொய் எங்கே பிறந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சிதம்பரத்தில், ஹாஸ்டல் அலுவலகத்தில். பாசஞ்சர் ரயிலில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை எல்லாம் தாண்டி அப்பாவும் நானும் போய் இறங்கினோம். என் தகரப்பெட்டியை அப்பா தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்பிய குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார், "அப்பா என்ன பண்றாரு?"

எனக்குப் பின்னால் வரிசையில் நாலைந்து பெண்கள், அவர்களுடைய அப்பாக்கள். பேன்ட், கைக்கடிகாரம், ஒருவர் கழுத்தில் டை.

"போர்ட்டுல ஆபீஸ் வேலைங்க" என்றேன்.

குமாஸ்தா இப்போது நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்தார். வேட்டி, தோளில் துண்டு, பிடரியில் காய்ப்பு. அப்பா என்னைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவைப் பார்த்து "ஆமாங்க" என்றார்.

வெளியே வந்து ரெண்டு டீ வாங்கினோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அடுத்த மாதம் என்னைப் பார்க்க வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு பேனா. நீல மூடி, வெள்ளிக் கிளிப். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எப்பப்பா வாங்குன?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கட்டும்னு வாங்குனேன்" என்றார்.

அன்றிலிருந்து என் சம்பந்தமான எந்த இடத்துக்கும் அப்பா பேனா இல்லாமல் வந்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்று விமலா அண்ணி அவரை விசாரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

"போர்ட்டுல வேலை ஜாஸ்திங்களா?"

"கப்பல் வந்தா ஜாஸ்திம்மா. வரலன்னா கம்மி."

"ஒங்களுக்குக் கீழ எத்தினி பேருங்க?"

"எனக்குக் கீழ யாரும் இல்லம்மா. எல்லாம் எனக்கு மேலதான்."

என்ன பணிவான மனுஷர் என்று அண்ணி உருகிவிட்டார். அடுப்படியில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அப்பா அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் முழுக்க என்னுடையது, அவர் அதைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது எழுபத்து நாலு வயதில், என் தம்பி வீட்டு மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால், மே மாத வெயிலிலும் வெள்ளைச் சட்டை போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டி, பேனா சொருகிக்கொண்டுதான் வந்து உட்காருவார். திரையின் ஓரத்தில் அண்ணி இருந்தாலும் இருக்கலாம் என்று.

6

லீனா எழுதியதை ஒப்படைக்க வேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மதியம் அண்ணி சாப்பிட வந்திருந்தார். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. லீனா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். தாத்தாவிடம் அந்தப் படத்தைக் காட்டி ஒரு வாக்கியம் கேட்டு எழுத வேண்டுமாம், டீச்சர் சொன்னாராம். நான் தடுப்பதற்குள் அப்பா திரையில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பேனா. லீனா படத்தை அனுப்பினாள். அவர் தம்பியின் போனை வாங்கி அதில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யார்ரா இவனுங்க?"

"இந்த ஊரு ஆளுங்கப்பா. நூறு வருசத்துக்கு முன்னாடி" என்றேன்.

"அட கெரகமே! ரெண்டு பேரும் ஒரே கால வைக்கறானுங்க பாரு! முன்னாடி போறவன் வலது காலு வச்சா பின்னாடி வர்றவன் எடது காலு வைக்கணும்டி. ஒண்ணா வச்சா பலவ ஊஞ்சலாட்டம் துள்ளும், மூட்டையோட தண்ணியில கடாசிடும். மேஸ்திரின்னு ஒருத்தன் இல்லியா அங்க?"

லீனா சிரித்துவிட்டாள். "காபி மூட்டை தாத்தா அது" என்றாள்.

"காப்பியா? எவன் சொன்னான்? கழுத்தப் பாரு, எப்டி மடங்கியிருக்குன்னு. அது உரிச்ச மல்லாட்டை. தோலோட இருந்தா மூட்டை இம்மாம் பெருசா இருக்கும், ஆனா கனம் இருக்காது, நிமுந்து நடப்பான். இது சின்ன மூட்டை, செம கனம். அடியில கறை தெரியுதா? எண்ணெ எறங்கியிருக்கு. இரு, இரு காட்டறேன்."

போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுத் தலையணையை எடுத்து வந்தார். குனிந்து அதைப் பிடரியில் ஏற்றினார். குனிந்ததில் பேனா பையிலிருந்து விழுந்தது. தலையணையை இறக்கி, பேனாவை எடுத்துச் சொருகி, மறுபடி ஏற்றினார். அப்புறம் மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். முட்டி லேசாக மடிந்து, பாதம் தரையைத் தொட்டதும் தொடாததுமாக, விறுவிறுவென்று. எழுபத்து நாலு வயது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. லீனா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏ செல்வி, ஒங்கப்பா ஆபீசர்தான? இதெல்லாம் இவ்ளோ தெரியுதே அவருக்கு?"

அது போனில் கேட்டுவிட்டது. அப்பா நின்றார். தலையணையை மெதுவாகக் கீழே வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருப்பம்மா" என்றார். "ஆபீசுல ஒக்காந்து."

ஹாஸ்டலில் சொன்ன அந்த 'ஆமாங்க'வுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. எனக்காகச் சொன்னார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த மனுஷர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்!

"இல்லண்ணி" என்றேன். குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, அதனால் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "இல்லண்ணி. எங்கப்பா ஆபீசர் இல்ல. மூட்டை தூக்குனவரு. அந்தக் காசுலதான் நான் சிதம்பரத்துல படிச்சேன். ஆபீசருன்னு சொன்னது நானு. அவரு சொல்லல."

போனில் தம்பி வீட்டுக் காக்கா கத்துவது கேட்டது.

"யம்மா செல்வி" என்றார் அப்பா. "ஏம்மா இப்ப?"

7

அண்ணிக்கு வந்த கோபம் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. "சங்கத்துல மைக்க புடிச்சி சொல்லியிருக்கேன்டி நானு! ஒரு தடவையா ரெண்டு தடவையா? இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போவேன்?" என்று கைப்பையை எடுத்துக்கொண்டார். "அக்கா, பாயசம்..." என்று குமார் எழுந்தார். "நீயே குடி" என்று போய்விட்டார்.

லீனாவுக்கு வந்தது வேறு கோபம். "அப்ப நான் எழுதினது எல்லாமே பொய்யா?" என்று பிரெஞ்சில் கத்தினாள். "மேற்பார்வைகூடவா? நாளைக்குக் கொடுக்கணும்!" போனை, அதிலிருந்த தாத்தாவோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நான் நின்று கேட்டேன், வெட்கமில்லாமல். "தாத்தா, நீ எத்தினி கிலோ தூக்கும்?" "தாத்தா, முதுகு அழும்?" தப்பும் தவறுமாக, அத்தனையும் தமிழில். நடுவில் எனக்கும் ஒரு வெடி வைத்தாள். "அம்மா டீச்சர் இல்ல தாத்தா. அம்மா முந்நூறு பிள்ளைக்குச் சோறு போடும்."

"முந்நூறு பேருக்கா!" என்று அப்பா கத்தியது கதவைத் தாண்டி வந்தது. "ஒங்க பாட்டிக்கு நாலு விருந்தாளி வந்தாலே மூச்சு வாங்கும்!"

குமாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ரெண்டாவது டம்ளர் பாயசத்தில் இருந்தார். "கல்யாணத்தன்னிக்கு மாமா எனக்குக் கை குடுத்தாரு இல்ல" என்றார். "அந்தக் கையப் புடிச்சப்பவே தெரிஞ்சிபோச்சு. ஆபீஸ் கையா அது?"

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். இவ்ளோ வருசம் ஆவும்னு தெரியாது."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் முகம் கோணலாகிவிடும். அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

8

கண்காட்சியில் பிள்ளைகள் எழுதியதை ஒட்டிய சனிக்கிழமை, நாங்கள் மூன்று பேரும் போனோம். நூலகத்துப் பெண்மணியிடம் லீனா காபி விஷயத்தை முன்பே சொல்லியிருந்தாள். அவள் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, விளக்கத்தில் 'காபி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள். மாற்றி எழுத ஆவணம் வேண்டுமாம். பிறப்புச் சான்றிதழ் கேட்காமல் விட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கரையிலிருந்து மல்லாட்டை இந்த ஊருக்குக் கப்பலேறி வந்ததும், இங்கே எண்ணெயும் சோப்புமாக மாறியதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு பேர் முதுகில் இருப்பது எங்கள் ஊர் மூட்டைதானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ பட்டுப்புடவையில் வந்தார்கள். விமலா அண்ணி. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசாதவர். நேராகப் படத்துக்கு முன்னால் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லீனா எழுதியதை வாசித்தார். மூன்று தடவை வாசித்திருப்பார். நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

லீனா என் அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது சாயங்காலம். எப்போதும்போல் வெள்ளைச் சட்டை, பேனா. பழக்கம் விடுமா? லீனா போனைச் சுவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தான் எழுதிய பிரெஞ்சை வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"என் தாத்தா மூட்டை தூக்கினார். கடலூரில். இந்தப் படத்தில் மாதிரி பலகையில் நடந்தார். ஒரு மூட்டை எண்பது கிலோ. அவர் விழவே இல்லை."

அப்பா போனைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். எனக்குப் பயமாகிவிட்டது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வாசிக்கிற சுவரில் இப்படிப் போட்டுவிட்டோமே, அவருக்கு என்ன பட்டதோ என்று.

"எண்பதா?" என்றார் அப்பா.

"ஆமா தாத்தா. நீ சொல்லுச்சு."

"எண்பது மண்டி மூட்டைடி! போர்ட்டு மூட்டை நூறு கிலோ! நூறுன்னு போடச் சொல்லு. எண்பதுன்னா படிக்கிறவன் என்னா நெனப்பான் என்னப் பத்தி?"

குமார் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாஸ்டல் அலுவலகத்தில் வெட்கப்பட்டது நான் ஒருத்திதான் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவருக்கு இருபது கிலோ குறைந்ததுதான் அவமானம்.

"யார்கிட்டயாவது பேனா இருக்கா?" என்று லீனா கேட்டாள். யாரிடமும் இல்லை. "இந்தா" என்று அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிப் போனுக்கு நேராக நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே புரிந்தது. எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அப்புறம், கையில் எடுத்துவிட்டதாலோ என்னவோ, பக்கத்தில் கிடந்த செய்தித்தாளில் அதை வைத்து ஒரு கோடு இழுத்தார். இன்னொரு கோடு. உதறிவிட்டு மறுபடியும் இழுத்தார்.

"எழுதலியே" என்றார்.

"மை காஞ்சிருக்கும்ப்பா. எப்ப எழுதுன கடைசியா?"

"நான் எங்க எழுதுனேன்? வாங்குனதுலேர்ந்து இன்னிக்குத்தான் மூடியவே தொறக்கறேன்."

பக்கத்தில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி தன் பேனாவை எடுத்துச் சுவருக்குப் போய், எண்பதை அடித்துவிட்டு மேலே நூறு என்று எழுதினார். நூலகத்துப் பெண்மணி ஓடிவந்தாள். அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் அவள் ஆவணம் எதுவும் கேட்கவில்லை.

"போட்டாச்சுங்க" என்று அண்ணி போனைப் பார்த்துச் சொன்னார். "நூறு."

"ரொம்ப நல்லதும்மா" என்றார் அப்பா.

அவர் பேனாவை மறுபடி பையில் சொருகவில்லை. மூடி ஒரு பக்கம், பேனா ஒரு பக்கமாகச் செய்தித்தாளின்மேல் போட்டுவிட்டு, சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டுக்கொண்டார். "அப்பாடா, என்னா புழுக்கம்" என்று சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு ஞாபகம் வந்தவராக மறுபடி திரைக்குக் கிட்டே வந்தார்.

"லீனா, அந்தப் பின்னாடி வர்றவன்கிட்ட சொல்லும்மா, கால மாத்தி வைக்கச் சொல்லி."